பென்ஷன் கூடவே வரும், உயர்வு வராது: பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முதியவர்களின் கணக்கு

“பிள்ளைகள் ஆளுக்கொரு வீடு வாங்கியாச்சு. முழங்கால் இந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. இனி ஊரோடு போய் இருந்துவிடலாம்.” லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் அறுபதைக் கடந்த தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஊர் என்பது சிலருக்கு யாழ்ப்பாணம், சிலருக்குத் திருச்சி, சிலருக்குப் புதுச்சேரி. வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று மாதக்கணக்கில் வாதாடுபவர்கள், பென்ஷன் விஷயத்தை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “அது எங்கே இருந்தாலும் வரும்.”

வரும் என்பது சரிதான். எவ்வளவு வரும், எத்தனை வருடம் கழித்தும் அதே தொகைதானா, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு வரியில் பதில் இல்லை. பிரிட்டன் அரசு தரும் உரிமைகள் ஒரே கட்டாக வருவதில்லை. பென்ஷன் நீங்கள் கட்டிய சந்தாவைப் பார்க்கிறது. அதன் ஆண்டு உயர்வு நீங்கள் குடியேறிய நாட்டைப் பார்க்கிறது. மருத்துவம் நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. கையில் இருக்கும் பாஸ்போர்ட்டை இவை மூன்றுமே அநேகமாகப் பார்ப்பதில்லை. நம்மவர்கள் நம்பிக்கை வைத்திருப்பதோ அந்தப் பாஸ்போர்ட்டின் மேல்.

முதலில் பென்ஷன். 2016 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு வயதை எட்டியவர்களுக்குப் புதிய அரசு பென்ஷன். முழுத் தொகை கிடைக்க, வேலை பார்க்கும் காலத்தில் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தா 35 ஆண்டு வேண்டும். குறைந்தது 10 ஆண்டாவது இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. வயது வரம்பு 66, அது 2026 தொடங்கி 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. இந்தத் தகுதி வந்துவிட்டால் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் பணம் வரும். நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ, பிரிட்டன் வங்கிக் கணக்கிலோ உள்ளூர்க் கணக்கிலோ போட்டுவிடுவார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் ஒவ்வொரு ஏப்ரலிலும் வருகிறது. பிரிட்டனில் அரசு பென்ஷனை ஆண்டுதோறும் உயர்த்துவதற்கு ‘டிரிபிள் லாக்’ என்று ஒரு முறை உண்டு: விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்வு. 2023இல் 10.1 சதவீதம், 2024இல் 8.5, 2025இல் 4.1. பிரிட்டனில் இருப்பவருக்கு இது தானாகக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து போன்றவற்றில் குடியேறியவருக்கும் கிடைக்கும். இவற்றுக்கு வெளியே, பிரிட்டனோடு இதற்கென்று ஒப்பந்தம் போட்ட சில நாடுகளில் மட்டும் கிடைக்கும். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே குடியேறியவருக்குக் கிளம்பிய ஆண்டின் தொகை அப்படியே உறைந்து நின்றுவிடும். ஊரில் போய் உட்கார்ந்த பிறகு பென்ஷன் தொடங்கினால், தொடங்கிய நாளின் தொகைதான் கடைசி வரை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதன் எடை தெரியும். 2016 ஏப்ரலில் முழுப் பென்ஷன் வாங்கத் தொடங்கி, உடனே ஊருக்குப் போய்விட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்று வாரத்துக்கு 155.65 பவுண்டு. அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஒரே நாளில் ஓய்வுபெற்று, லண்டனிலேயே தங்கிவிட்ட நண்பருக்கு 2023இல் அது 203.85 ஆனது, 2025இல் 230.25 ஆனது. 2026 ஏப்ரல் முதல் 241.30. ஊருக்குப் போனவருக்கு இன்றும் 155.65தான். வாரத்துக்கு 85 பவுண்டுக்கு மேல் இடைவெளி, ஆண்டுக்கு ஏறத்தாழ 4,450 பவுண்டு. முதல் பத்து ஆண்டில் ஊருக்குப் போனவர் வாங்காமல் விட்டதை ஆண்டுவாரியாகக் கூட்டினால் 14,900 பவுண்டை ஒட்டி வருகிறது. இதில் பெரும்பகுதி கடைசி மூன்று ஆண்டில் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வாரத்துக்கு நாலு பவுண்டு, எட்டு பவுண்டு என்று வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எழுபத்தைந்தைத் தாண்டி, மருந்துச் செலவு ஏறும் நேரத்தில்தான் அது பள்ளமாகிறது.

இங்கே ஒரு மறுபேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போனவர் ரூபாயில் செலவழிக்கிறார். 2016இல் ஒரு பவுண்டு இந்திய ரூபாயில் 95ஐ ஒட்டி இருந்தது; இப்போது 115ஐத் தாண்டிவிட்டது. இலங்கை ரூபாய் 2022 நெருக்கடியில் சரிந்த சரிவில், பவுண்டில் உறைந்த பென்ஷன்கூட ரூபாய்க் கணக்கில் வீங்கியது. அதே ஆண்டு கொழும்பில் விலைவாசி உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியதால் அந்த வீக்கம் கறிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கரைந்தது என்பது வேறு கதை. எப்படியும், தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு அடி சற்று மெதுவாக விழுகிறது. டொரண்டோவிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கப் போனவர்களுக்கு அந்த மெத்தையும் இல்லை. அங்கே வாழ்க்கைச் செலவு லண்டனுக்குச் சளைத்ததல்ல, பென்ஷனோ அதேபோல் உறைந்ததுதான். இப்படி உறைந்த பென்ஷன் வாங்குவோர் உலகம் முழுக்கச் சுமார் நாலரை லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மையினர் இருப்பது கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில்.

எந்த நாட்டுக்கு உயர்வு உண்டு, எதற்கு இல்லை என்ற வரைபடத்தை விரித்து வைத்துத் தர்க்கம் தேடினால் தலை சுற்றும். அமெரிக்காவில் உண்டு, பக்கத்துக் கனடாவில் இல்லை. நயாகராவின் ஒரு கரையில் பென்ஷன் வளர்கிறது, மறுகரையில் நிற்கிறது. ஜமைக்காவிலும் பார்படோசிலும் உண்டு, டிரினிடாட்டில் இல்லை. பிலிப்பைன்ஸில் உண்டு, மலேசியாவில் இல்லை. மொரீஷியஸில் உண்டு, தென்னாப்பிரிக்காவில் இல்லை. பிரிட்டனின் சொந்த ஆட்சிப்பகுதியான ஃபாக்லாந்து தீவுகளில் இல்லை, இன்னொரு ஆட்சிப்பகுதியான பெர்முடாவில் உண்டு. யூகோஸ்லாவியா என்ற நாடே இப்போது கிடையாது. ஆனால் அதோடு அன்று போட்ட ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் செர்பியா, போஸ்னியா, கொசோவோ ஆகிய நாடுகளில் குடியிருப்பவருக்கு இன்றும் உயர்வு கிடைக்கிறது. ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பிரிவும் இதில் இல்லை, காமன்வெல்த் என்ற பழைய உறவும் இல்லை. எந்தக் காலத்தில் எந்த அரசு எதற்காகக் கையெழுத்துப் போட்டதோ அதன் எச்சம்தான் இந்த வரைபடம். ஐரோப்பாவை விட்டால், பல பத்தாண்டுகளாகப் பட்டியலில் புதிய நாடு சேரவில்லை. கனடா அரசு பலமுறை கேட்டும் லண்டன் பேச்சுக்கே உட்காரவில்லை. ஆஸ்திரேலியா பொறுத்துப் பார்த்துவிட்டு, 2001 மார்ச்சில் பிரிட்டனோடு இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது.

வழக்கும் போட்டாயிற்று. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் 2000இல் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர். தான் கட்டிய சந்தா மற்றவர்களுடையதைப் போன்றதுதான், வசிக்கும் நாட்டைக் காரணம் காட்டிக் குறைத்துத் தருவது பாகுபாடு என்று வாதிட்டார். அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2005இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன்னும் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 2010 மார்ச்சில் 11க்கு 6 என்ற கணக்கில் அரசு பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. நேஷனல் இன்ஷூரன்ஸ் என்பது தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு மாதிரி உங்கள் பெயரில் சேர்ந்து வட்டி குட்டி போடுவதல்ல. இன்று வேலை பார்ப்பவர் கட்டும் பணம் இன்றைய முதியவர்களுக்கே போய்விடுகிறது, அதில் ஒரு பகுதி மருத்துவத்துக்கும் போகிறது. ஆகவே ‘நான் கட்டினேன், எனக்கு உரியது’ என்ற நேர்க்கோடு சட்டத்தில் இல்லை. பிரிட்டனின் வரி, விலைவாசி, மானியம் எல்லாம் கலந்த ஒரு ஏற்பாட்டில் பென்ஷனும் ஓர் உறுப்பு. அந்த நாட்டில் வாழ்பவரின் தேவையை வைத்து அமைந்த ஏற்பாடு அது. வெளியே போனவரை அதே தராசில் நிறுத்த வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

சட்டமாக இது நிற்கலாம். நியாயமாக எனக்கு இது நிற்பதாகத் தெரியவில்லை. பிரிட்டனில் வாழாதவருக்கு பிரிட்டன் விலைவாசியோடு சம்பந்தமில்லை என்றால், மணிலாவில் வாழ்பவருக்கும் மயாமியில் வாழ்பவருக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று: அதே அரசு, தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தரும் பணி ஓய்வூதியத்தை எந்த நாட்டில் இருந்தாலும் ஆண்டுதோறும் உயர்த்தித் தருகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் மருத்துவராக முப்பது ஆண்டு இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவருக்கு இரண்டு பென்ஷன் வரும். என்.எச்.எஸ். பணிக்கான ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறும், அரசு பென்ஷன் அசையாது. பணம் அனுப்புவதிலோ விகிதத்தை மாற்றுவதிலோ நிர்வாகச் சிரமம் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எல்லோருக்கும் முழுமையாகச் சரிசெய்தால் ஆண்டுக்கு நூறு கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும் என்பது அரசின் கணக்கு. தடை அந்தத் தொகைதான். வெளிநாட்டில் சிதறிக் கிடக்கும் எண்பது வயதுக்காரர்களின் ஓட்டு எந்தத் தொகுதியையும் கவிழ்க்காது என்பதும் அதோடு சேர்ந்தது.

ஆன் பக்ரிட்ஜ் என்ற மூதாட்டியின் கதை பத்திரிகைகளில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றியவர், 2001இல் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். அன்றைய 72.50 பவுண்டில் அவர் பென்ஷன் உறைந்தது. 2024இல் பிரிட்டனில் அதே பழைய வகை முழுப் பென்ஷன் 169.50. அந்த ஆண்டு டிசம்பரில், நூறு வயதை ஒட்டி, இதற்காகவே லண்டனுக்குப் பறந்து வந்தார். செய்தி ஆனது. விதி மாறவில்லை.

மருத்துவத்துக்கு வருவோம். இங்கேதான் தவறான நம்பிக்கை அதிகம். “ஏதாவது பெரிசா வந்தா பிளேன் ஏறி வந்துடலாம், என்.எச்.எஸ். இருக்கு” என்பார்கள். என்.எச்.எஸ். மருத்துவமனைச் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது பிரிட்டனில் ‘வழக்கமாக வசிப்பவருக்கு’. எத்தனை ஆண்டு வரி கட்டினீர்கள், எந்த நாட்டுக் குடிமகன் என்பது கேள்வியே அல்ல. ஊருக்குக் குடிபெயர்ந்தவர் விருந்தாளியாக வந்து இங்கிலாந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அந்தச் சிகிச்சைக்கு என்.எச்.எஸ்.ஸின் சொந்த விலையில் ஒன்றரை மடங்கு பில் போடலாம். அவசரப் பிரிவில் பார்ப்பதும் ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரைப் பார்ப்பதும் இலவசம். வார்டில் படுத்த நிமிடம் கணக்கு ஆரம்பம்.

ஸ்பெயினுக்குப் போன ஆங்கிலேய முதியவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு எஸ்1 என்று ஒரு படிவம் உண்டு. பிரிட்டன் பென்ஷன் வாங்குபவர் என்பதற்காக, அவருடைய மருத்துவச் செலவை பிரிட்டனே ஸ்பெயினுக்குக் கொடுத்துவிடும் ஏற்பாடு அது. படிவத்தை அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்து, அங்கே தரும் தாளோடு பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால் மருத்துவ அட்டை கைக்கு வரும். அதன்பின் ஸ்பெயின்காரருக்கு என்ன சிகிச்சையோ அதே சிகிச்சை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகு இதுவும் போய்விடும் என்று பலர் பயந்தார்கள், போகவில்லை. 2020 முடிவதற்குள் குடியேறியவர்களுக்கு வெளியேற்ற ஒப்பந்தம் காப்பு. 2021க்குப் பின் போகிறவர்களுக்கும் புதிய வர்த்தக உடன்பாட்டில் எஸ்1 தொடர்கிறது. மாறியது விசாதான். வேலை பார்க்காமல் தங்கும் விசாவுக்கு ஸ்பெயின் சமீப ஆண்டுகளில் மாதம் 2,400 யூரோ வருமானம் காட்டச் சொல்கிறது. வெறும் அரசு பென்ஷனை வைத்துக்கொண்டு அதில் பாதியைத்தான் எட்ட முடியும்.

ஸ்பெயினிலும் எல்லாம் சுகம் என்று சொல்வதற்கில்லை. குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை 2015இல் வெப்ப நாடுகளுக்கு நிறுத்தினார்கள். ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ் என்ற அந்தப் பட்டியலில் பிரான்ஸும் சேர்ந்தது. பிரான்ஸ் எப்படி வெப்ப நாடு என்றால், ரீயூனியன், குவாதலூப் போன்ற வெப்பமண்டலத் தீவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்கள். கணக்கு என்று வந்துவிட்டால் அதிகாரிகளுக்கு ஆல்ப்ஸ் மலையிலும் வெயில் அடிக்கும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ எஸ்1 கிடையாது. மருத்துவத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தியாவில் 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கத் தடையில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று குறைந்திருக்கிறது. மூன்று ஆண்டு என்பது 68 வயது சர்க்கரை நோயாளிக்குக் குறைந்த காலமல்ல. ஆகவே ஊருக்குப் போவது என்று முடிவெடுத்தால், காப்பீட்டைப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. எழுபது வயதானவர்களுக்கு ஐந்து லட்சம் வரை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டம் இந்தியக் குடிமக்களுக்கானது. பிரிட்டன் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருப்பவர் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. இலங்கையில், பிரிட்டன் குடியுரிமை வாங்கியபோதே பழைய குடியுரிமை போய்விட்டது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து வாங்காதவர் சொந்த ஊரிலேயே விசாவில் இருப்பவர்.

இன்னொரு வகையினரையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதை நெருங்கும்போது அகதியாக வந்து சேர்ந்தவர்களுக்கு 35 ஆண்டு சந்தா எங்கே இருக்கும்? அவர்கள் நம்பியிருப்பது பென்ஷன் கிரெடிட் என்ற வருமானம் பார்த்துத் தரும் உதவி. அது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போனால் நின்றுவிடும். தற்காலிகமாகப் போனாலும் நான்கு வாரம்தான் தாங்கும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கொடியேற்றத்துக்கு முதல்நாள் போய் இறங்கி, திருவிழா முடிந்த கையோடு விமானம் ஏறினால் சரி. தங்கச்சி வீட்டில் இன்னும் ஒரு மாதம் என்று இருந்தால், திரும்பி வந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவு இடைஞ்சலும் இருப்பதால் ஒரு குறுக்குவழி காதோடு காதாகப் பரவியிருக்கிறது: மகன் வீட்டு முகவரியைக் கொடுத்து, லண்டனிலேயே இருப்பதாகக் காட்டிக்கொள்வது. ஜி.பி. பதிவும் இருக்கும், பென்ஷனும் ஏறும் என்று நினைப்பு. மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாடு போவதென்றால் ஜி.பி. பதிவை நீக்கச் சொல்ல வேண்டும், குடிபெயர்ந்ததைப் பென்ஷன் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. தெரிவிக்காமல் வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள், மோசடி என்று வழக்கும் வரலாம். எண்பது வயதில் மகனையும் சேர்த்து இழுக்கும் வம்பு இது. இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் அந்தக் கடிதம் வரும் நாளில் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனவருக்கும் ஒரு காகித வேலை உண்டு. உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் கேட்டுப் பென்ஷன் துறை அவ்வப்போது தபால் அனுப்பும். மருத்துவர், வங்கி அதிகாரி, ஆசிரியர் போன்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சாட்சி சொந்தக்காரராக இருக்கக் கூடாது. கிராமத்தில் படித்தவரெல்லாம் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரராக இருப்பது நம் ஊர்ப் பிரச்சினை. வீட்டு எண் இல்லாத ஒழுங்கையில் அந்தத் தபால் தொலைந்தால், அடுத்த தவணை நின்ற பிறகுதான் விஷயமே தெரியவரும். இந்திய அரசு தன் ஓய்வூதியர்களுக்கு 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வைத்திருக்கும்போது, பிரிட்டன் இன்னும் மையில் போட்ட கையெழுத்தை நம்பிக்கொண்டிருக்கிறது.

இளையவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஐ.டி. வேலையாக நாலைந்து ஆண்டு லண்டனிலோ ரெடிங்கிலோ இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்கள், வாரத்துக்கு மூன்றரைப் பவுண்டு போன்ற சொற்பத் தொகையை ஊரிலிருந்தே கட்டி, பத்து ஆண்டுத் தகுதியை எட்டும் வழி ஒன்று இருந்தது. 2026 ஏப்ரலோடு அந்த மலிவான வகை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மூடப்பட்டது. இனி பதினெட்டு பவுண்டை ஒட்டிய விலையுள்ள வகைதான். புதிதாகச் சேருபவர் அதற்கும் பத்து ஆண்டு பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும், அல்லது சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக உடன்பாட்டோடு சேர்த்துப் பேசி முடித்த சந்தா ஏற்பாட்டை வைத்து ‘பென்ஷன் பிரச்சினை தீர்ந்தது’ என்று சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நிறுவனம் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை, ஒரு நாட்டில் கட்டினால் போதும் என்பதுதான் அதன் பொருள். உறைந்த பென்ஷனை அது தொடவில்லை.

கடைசி வழி திரும்பி வருவது. நிரந்தரமாகத் திரும்பினால் பென்ஷன் அன்றைய முழு விகிதத்துக்கு ஏறிவிடும். விட்டுப்போன ஆண்டுகளின் பாக்கி மட்டும் கிடைக்காது. குறுகிய வருகை என்றாலும், பிரிட்டனில் தங்கிய நாட்களுக்கு உயர்ந்த விகிதத்தைக் கேட்டு வாங்கலாம், பெரும்பாலோர் கேட்பதில்லை. உண்மையாகவே குடியிருக்கத் திரும்பியவருக்கு என்.எச்.எஸ். முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் பென்ஷன் கிரெடிட், வாடகை உதவி போன்றவற்றுக்கு ‘இங்கேதான் வழக்கமாக வாழ்கிறேன்’ என்று மறுபடி நிரூபிக்க வேண்டும், அதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் அந்த மாதங்களில் மகன் வீட்டு ஹாலில்தான் படுத்திருக்க வேண்டும். லண்டன் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.